உப்புக் காற்றில் உழைக்கும் கணிப்பொறி

ஊர்காவற்றுறைத் துறையில் நின்று காரைநகர்ப் பக்கமாக நோக்குவார்க்குக் கடலின் நடுவே ஒரு கோட்டை தோன்றும். போர்த்துக்கேயராற் கட்டப்பெற்று, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பட்ட அக்கடற்கோட்டை, மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அலையையும் காற்றையும் தாங்கி நிற்கின்றது. அக்கோட்டை மதிலைத் தழுவிவரும் அதே காற்றில் ஓர் இரும்பாணியைத் தொங்கவிட்டு, சோளகம் எழுந்து ஓயும் வரை காத்திருந்து பாருங்கள். ஆணி இருந்த இடத்திற் செங்கறளே மிஞ்சும். கல்லுக்குப் பகையாகாத காற்று உலோகத்துக்குக் கூற்றுவனாகின்றது. மிதிவண்டிச் சங்கிலி, கதவுப் பிணையல், படகின் இயந்திரம், வானொலிப் பெட்டி ஆகிய யாவும் தீவகத்தில் அரை ஆயுளே வாழும் என்பதை இங்கு வாழ்வார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா.

இத்தகைய காற்றிலே, கூரையும் குளிரூட்டியும் இல்லாத வெளியிலே, ஒரு கணிப்பொறியை வைத்து ஆண்டுக்கணக்கில் உழைக்கச் செய்தல் கூடுமா? கூடுமாயின், எளியோர் விலைகொடுத்து வாங்கத்தக்க முறையில் அதனை அமைத்தல் கூடுமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறிக்கு வெளியில் என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். அலுவலகத்தில் மேசைமீது இருக்க வேண்டிய பொருளைக் கிணற்றடிக்கும் கடற்கரைக்கும் கொண்டு செல்வது வீண் முயற்சி என்பது அவர் கருத்து. நம் தீவுகளின் கிணறுகளையே முதலில் எண்ணிப் பார்ப்போம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு முதலியவற்றில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, நிலத்தடியிலுள்ள கடனீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து கிடக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் சிறிது இலேசானது ஆதலின் இவ்வாறு மிதத்தல் இயல்வதாயிற்று. நன்னீர் மட்டம் கடன்மட்டத்தின்மேல் ஓரடி உயர்ந்திருப்பின், கடன்மட்டத்தின்கீழ் ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், எர்சுபேக்கு என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதி. இதனை மறுதலையாக நோக்கினால் அச்சம் தருவதாகும். இறைப்பு மிகுந்து நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர் நாற்பதடி மேலெழும். கண்ணுக்குப் புலனாவது ஓரடி. கண்ணுக்குப் புலனாகாமல் நிகழ்வது நாற்பதடி. கிணற்றுநீர் நாவிற் கரிக்கத் தொடங்கும்போது காரியம் கைகடந்து போயிருக்கும். எனவே நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் நாள்தோறும், இரவும் பகலும், மாரியும் கோடையும் இடையறாது அளந்து குறித்து வைக்கும் ஒரு காவலாள் ஒவ்வொரு தீவுக்கும் வேண்டும். அவ்வேலையை மனிதர் செய்யலாம். ஆயின் மூன்றாண்டுக் காலம் நள்ளிரவிலும் தவறாது செய்வார் அரியர். சிறு கணிப்பொறி ஒன்று செய்யும்.

கடல் பற்றிய செய்தி இரண்டாவது தேவை. 1964ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம், 23ஆம் நாட்களிற் பாக்கு நீரிணையை ஊடறுத்த சூறாவளி தனுக்கோடியை அழித்ததும், பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியைக் கடல் கொண்டதும் நம் கடலோர முதியோர் இன்றும் நடுக்கத்துடன் கூறும் செய்திகள். காற்றின் வேகம், வளியமுக்கம், அலையின் உயரம் ஆகியவற்றைத் தீவிலேயே அளந்து, தீவிலேயே காட்டும் பொறி ஒன்று இருத்தல் ஆடம்பரம் எனக் கொள்ளத்தக்கதன்று.

இனி, பகைவர் யார் எனக் காண்பாம். தீவக வெளியில் நிற்கும் கணிப்பொறிக்கு உப்பு, வெயில், மின்பஞ்சம் என மூன்று பகை உண்டு. தூசியும் அதிர்ச்சியும் இல்லாமலில்லை. ஆயினும் அவை இம்மூன்றின்முன் சிறியன.

உப்பின் செயலை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டுவதில்லை. அடுக்களைக்குப் போதல் போதும். மாரிக்காலத்தில் உப்புச்சாடியைத் திறந்தால் உப்பு ஈரமாகிக் கசிந்திருப்பதைக் காண்கின்றோம். தூய சோடியங்குளோரைட்டு, காற்றின் சார்பீரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டும்போது அதிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங்குளோரைட்டோ முப்பத்துமூன்று வீத ஈரப்பதனிலேயே கசியத் தொடங்கும். ஆனையிறவு போன்ற உப்பளங்களில் வாரிய உப்பைக் குவித்து வைத்துக் கசிவை வடியவிடுவதன் காரணமும் இதுவே. நம் கடற்கரைக் காற்று முப்பத்துமூன்று வீதத்துக்கு வறள்வது மிக அரிது. ஆகவே, கணிப்பொறியின் சுற்றுப்பலகையில் ஒருமுறை படிந்த கடலுப்பு, அதன்மேல் ஒருதுளி மழையும் படாவிடினும், எக்காலமும் ஈரமாகவே இருக்கும்.

அவ்வீரம் செய்யும் தீங்கு இருவகைப்படும். இருவேறு உலோகங்கள் தொடும் இடத்தில் அஃது ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்கி, அவற்றுள் மெலிந்த உலோகத்தைத் தின்னும். அலுமினியப் பெட்டியைக் கறளேறா உருக்கு ஆணியால் முடுக்கினால், ஆணி பளபளவென்று இருக்க, அதனைச் சுற்றியுள்ள அலுமினியம் வெண்பொடியாக உதிர்வது இதனாலேயாம். மற்றையது இன்னும் நுட்பமானது. சுற்றுப்பலகையில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியிற் செம்புக் கம்பிகள் அருகருகே ஓடுகின்றன. அவற்றுக்கிடையே ஐந்து வோல்ற்று அளவான மின்னழுத்தம் உள்ளது. இடையில் உப்பீரம் படிந்தால், நேர்முனையின் செம்பு கரைந்து எதிர்முனையை நோக்கிச் சென்று, அங்கே மரக்கிளை வடிவிற் படிந்து படிந்து வளரும். கிளை மறுகரையைத் தொட்ட கணத்திற் பொறி மாண்டது. உப்புக்காற்றிற் கெட்ட பொறியைத் திறந்து பார்ப்பவர் காணும் பச்சை நிறப் படிவு இப்போரின் எச்சமே.

அப்படியாயின் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்துவிடலாமே என்பது எவர்க்கும் தோன்றும் எண்ணம். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. இருபது சதமமீற்றர் நீளமும், பதினைந்து அகலமும், பத்து உயரமும் கொண்ட பெட்டியைக் கொள்வோம். அதன் கொள்ளளவு மூன்று இலீற்றர். நண்பகலில் உள்ளிருக்கும் காற்று 50 பாகை செல்சியசு வரை சூடாகி, இரவில் 27 பாகைக்குக் குளிர்ந்தால், அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு சுருங்கும். அதாவது பகலில் ஐந்திலொரு இலீற்றர் காற்று வெளியேறி, இரவில் அதேயளவு ஈரக்காற்று உள்ளே புகும். பெட்டி மூச்சு விடுகின்றது என்று கூறலாம். ஓராண்டில் இவ்வாறு எழுபது இலீற்றருக்கு மேற்பட்ட கடற்காற்று அதனுட் சென்று வருகின்றது. மூச்சே விடாதபடி இறுக அடைத்தாலோ, ஏறத்தாழ இரண்டடி ஆழ நீரின் அமுக்கத்துக்கு ஒப்பான இழுவை இரவுதோறும் இறப்பர் வளையத்தை வருத்தும். நல்ல வெயிலில் திடீரென மழை கொட்டும்போது பெட்டி சடுதியிற் குளிர்ந்து, கம்பி நுழையும் வாயிலிற் கட்டியுள்ள நீரையே உள்ளே உறிஞ்சிவிடும். பெட்டி சிறிதும் ஒழுகவில்லையே, நீர் எப்படி வந்தது என்று வியப்பவர் பலர்.

இதற்கு மாற்று, மூச்சை அடக்காமல் வடித்துவிடுதல். காற்று செல்லக்கூடியதும் நீர்த்துளியும் உப்புத்துகளும் செல்லமாட்டாததுமான நுண்துளைச் சவ்வை ஒரு சிறு துளையிற் பொருத்துவர். சுற்றுப்பலகை முழுவதற்கும் சிலிக்கன் அல்லது அக்கிரிலிக்குப் பிசினை மெல்லிதாகப் பூசுவர். மரக்கலத்தின் பலகைக்கு மீனெண்ணெயும் குங்கிலியமும் பூசிய நம் முன்னோர்க்கு இப்பூச்சின் தத்துவம் புதிதாகத் தோன்றாது. வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், பெயர் மாற்றம் பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளொசெசுற்றர்த் துறைமுகத்தை அடைந்ததன்றோ? உப்போடு போராடுங் கலை இம்மண்ணுக்குப் பழையது.

கடைகளில் விற்கும் பொருள்களின்மேல் ‘ஐ.பி. 67’ என்பது போன்ற குறி இருப்பதைக் காணலாம். முதலிலக்கமாகிய ஆறு தூசி சிறிதும் புகாது என்பதையும், அடுத்த ஏழு ஒரு மீற்றர் ஆழ நீரில் முப்பது நிமிடம் கிடந்தாலும் தீங்கு வாராது என்பதையும் குறிக்கும். ஆயினும் அச்சோதனை நன்னீரிலே நடத்தப்படுவது. உப்பைப் பற்றி அது யாதும் கூறாது. உப்புக்கென வேறு சோதனை உண்டு. 35 பாகை வெப்பநிலையில், நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக்கரைசலைப் பனிபோலத் தெளித்துப் பார்க்கும் அம்முறை அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. தீவகத்தார் ஒரு பொறியை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதைப் பற்றியதாகும்.

வெயிலுக்கு வருவோம். மேற்கூறிய பெட்டியின் மேற்பரப்பு முழுவதும் சேர்ந்து 0.13 சதுர மீற்றர். பரும்படியாகக் கணக்கிட்டால், உள்ளே செலவாகும் ஒவ்வோர் உவாற்று மின்னுக்கும் பெட்டி ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். மடிக்கணிப்பொறி நாற்பது உவாற்று உண்ணும் என்றால், அதனை அப்பெட்டியுள் அடைத்தல் அடுப்பில் வைத்தலுக்கு ஒப்பாகும். விசிறி வைத்து வெளிக்காற்றை ஊட்டலாமே எனின், அவ்விசிறியே உப்பையும் ஊட்டும். ஆகவே விசிறியில்லாத, இரண்டு உவாற்றுக்கு மேற்படாத சிறு கணிப்பொறியையே தெரிதல் வேண்டும். இவ்வளவும் நூல்களில் எழுதியிருப்பதே. ஆனாற் பலர் கருதாத ஒன்றுண்டு. பெட்டியின் மேன்முகம் 0.03 சதுர மீற்றர். உச்சிவெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஆயிரம் உவாற்று ஆற்றலைப் பொழிகின்றது. ஆதலின் அம்முகத்தில் மட்டும் விழுவது முப்பது உவாற்று! இரண்டு உவாற்றுச் சில்லைத் தேடி அலைந்து வாங்கி, அதனைக் கரிய பெட்டியில் இட்டு வெயிலில் வைப்பவர், சில்லில் மிச்சப்படுத்தியதைப் போலப் பன்மடங்கை ஞாயிற்றிடமிருந்து பெற்றுக்கொள்கின்றார். சில்லினும் நிழலே முதன்மையானது. பெட்டிக்கு வெண்மை பூசி, அதன்மேல் நாலு விரற்கடை இடைவெளி விட்டு ஒரு கிடுகுக் கூரை வேய்ந்தால் அதுவே பாதிப் பொறியியலாகும். வானிலை நிலையங்களில் வெப்பமானியை வைக்கும் வெண்ணிறச் சட்டப்பலகைக் கூண்டும் இவ்வுண்மையினாற் பிறந்ததே. அதனை ஆக்கிய தோமசு சுற்றீவன்சன் கலங்கரை விளக்கங்களை அமைத்த பொறியியலாளர். ‘புதையற்றீவு’ எழுதிய புகழ்பெற்ற ஆசிரியரின் தந்தை. கடலோரப் பொறியியலும் தீவுக் கதையும் ஒரே குடும்பத்திற் பிறந்தமை இனிய பொருத்தம்.

வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் மின்கொள்ளி முதலிய உறுப்புக்களின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பரும்படியான விதி. கிடுகின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க.

மின்பஞ்சம் மூன்றாவது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பெருமின்வலையோடு பிணைக்கப்படாதவை. தசாப்தங்களாக அவற்றுக்கு டீசல் மின்பிறப்பாக்கிகளே கதியாயின. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருள் அருகியபோது அந்நிலையின் இடர் யாவர்க்கும் புலனாயிற்று. இம்மூன்று தீவுகளிலும் காற்றாலும் கதிரவனாலும் மின்னாக்கும் கலப்பு நிலையங்களை இந்திய அரசின் நன்கொடையுடன் அமைப்பதற்கு 2024 மார்ச்சு மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எனினும், கிணற்றடியில் நிற்கும் பொறி எந்த நிலையத்தையும் நம்பியிராது தன்னுணவைத் தானே தேடுதல் நன்று.

கணக்கு எளிது. இரண்டு உவாற்றுப் பொறி நாள் முழுவதும் இயங்கினால் 48 உவாற்று மணி வேண்டும். யாழ்ப்பாணத்து வெயில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேர முழுவெயிலுக்கு ஒப்பானது என்று கொண்டால், இருபது உவாற்றுச் சூரிய மின்றகடு நூறு உவாற்று மணி தரும். தூசியாலும் வெப்பத்தாலும் மூன்றிலொரு பங்கு கழிந்தாலும் அறுபத்தைந்துக்குக் குறையாது. வாடையில் மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தால் தாங்குதற்கு, 12.8 வோல்ற்றும் 12 அம்பியர் மணியும் உடைய இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலம் போதியது. ஏனைய இலிதியக் கலங்களினும் அது வெப்பத்தைப் பொறுக்கும், தீப்பற்றுதல் அரிது. பொறியை இடையறாது விழித்திருக்கச் செய்யாமல், கால்மணிக்கு ஒருமுறை எழுப்பி, ஒரு நிமிடம் அளந்து எழுதுவித்து, மீளவும் உறங்கச் செய்தாலோ நாட்செலவு 48 இலிருந்து மூன்றே கால் உவாற்று மணிக்கு இறங்கும். அப்போது உள்ளங்கையளவு தகடே போதியதாகும். கிணறு கால்மணி நேரத்துள் உவர்த்துப் போவதில்லை.

இத்துணையும் தத்துவம். இதனை முயன்று பார்த்தவர் உளரா? உளர். அவருள் நமக்கு அணித்தானவர் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தார். அந்நிறுவனத்துக் கணிப்பொறியியற் பேராசிரியர்களும், என்கோர் என்னும் மென்பொருட் கூட்டிணைவைச் சேர்ந்தோருமாக எழுவர் ஒன்றுகூடி, ஒரு பொது நம்பிக்கை நிதியமாக இயங்கி, ‘சிம்பியூட்டர்’ என்னும் கைக்கணிப்பொறியை வகுத்தனர். விசய் சந்துரு, சுவாமி மனோகர், வினய், இரமேசு அரிகரன் ஆகியோர் அவருட் சிலர். எளியது, விலை குறைந்தது, பன்மொழி பேசுவது, மக்களுக்குரியது என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களாற் புனைந்த பெயர் அது. 2001ஆம் ஆண்டு ஏப்பிரிலில் முதன்மாதிரி உலகுக்குக் காட்டப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. வன்றட்டு இல்லை, விசிறி இல்லை, விசைப்பலகை இல்லை. எழுத்தாணியாற் றொடும் திரை. கையடக்கக் கருவிகளுக்கென ஆக்கப்பட்ட சிக்கனமான சில்லு. லினக்சு என்னும் கட்டற்ற இயங்குமுறை. கிராமத்துக் கடையிலும் கிடைக்கக்கூடிய சிறு மின்கலங்களால் இயங்கத்தக்க அமைப்பு. எழுதப்படிக்க அறியாதார்க்கு இந்திய மொழிகள் சிலவற்றில் எழுத்தைப் பேச்சாக்கி ஒலித்துக் காட்டும் திறன்.

இவற்றினும் சிறந்தது பிறிதொன்று. ஒரு பொறியின் விலை ஏறக்குறைய ஒன்பதினாயிரம் இந்திய ரூபா என மதிக்கப்பட்டது. அதனைத் தனியொரு குடியானவன் வாங்கவியலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகவே பொறி ஊருக்குப் பொது. அதிற் செருகும் சிறு அட்டை ஒவ்வொருவர்க்கும் தனி என வகுத்தனர். அட்டையில் அவரவர் கணக்கும் குறிப்பும் இருக்கும். கிணறு பொது, வாளி தனி என்பது போன்றதோர் ஏற்பாடு. மலிவு என்பதைப் பொருளின் விலையில் மட்டும் தேடாமல், அதனைப் பயன்படுத்தும் முறையிலும் தேடிய அறிவு பாராட்டற்குரியது. பொறியின் அமைப்பு விவரங்களையும் அவர்கள் மறைத்து வைத்தாரல்லர். விதிகளுக்குட்பட்டுப் பிறரும் ஆக்கலாம் என வெளியிட்டனர்.

2004ஆம் ஆண்டு மார்ச்சில், பாரத் இலத்திரனியல் நிறுவனத்தின் உற்பத்தியாக, ‘அமிடா’ என்ற பெயரில் அது விலைக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாவுக்கு அண்மையில் தொடங்கி இருபதினாயிரம் வரை அதன் விலை நின்றது. பொறியைச் சாய்த்தால் உணரும் அசைவுணரி ஒன்று அதில் இருந்தது. இன்று எல்லாத் தொலைபேசிகளிலும் உள்ள அவ்வுறுப்பு அந்நாளிற் புதுமை. ஆயினும் ஐம்பதினாயிரம் விற்கும் என எதிர்பார்த்த இடத்தில், 2005 வரை விற்றவை நாலாயிரம் அளவே எனச் செய்தியாயிற்று. ஏன்? கைத்தொலைபேசி மலிந்தமை ஒரு காரணம். அரசுகள் பெருந்தொகையாக வாங்காமையால் உற்பத்திச் செலவு இறங்காமை இன்னொன்று. விலை குறைய வேண்டுமாயின் பலர் வாங்கவேண்டும். பலர் வாங்கவேண்டுமாயின் விலை குறையவேண்டும். இச்சுழலிலிருந்து வெளியேற அவர்களால் இயலவில்லை. அவ்வமைப்பின் வழிவந்த பொறி ஒன்று, வன்மையான உறையிட்டு, ‘சாத்தி’ என்னும் பெயரால் இந்தியத் தரைப்படைக்கென ஆக்கப்பட்டது. குடியானவனுக்கென எண்ணிய பொருள் போர்வீரனுக்குப் பயன்பட்டது வரலாற்றின் விளையாட்டு. வெயிலிலும் புழுதியிலும் உழைக்கும் கருவிக்கு விலை கொடுக்க வல்லது எந்நாட்டிலும் படைத்துறையே என்பது இதனாற் புலனாகும்.

அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலசு நெகிரொபொன்றி 2005இல் அறிவித்த ‘பிள்ளைக்கொரு மடிக்கணிப்பொறி’ இத்துறையில் அடுத்த பெருமுயற்சி. நூறு டொலர் என்று தொடங்கி, 2007இல் ஆக்கம் பெற்றபோது இருநூறு டொலரை அணுகிற்று. விலை பிழைத்தாலும் பொறியியல் பிழைக்கவில்லை. பெட்டியின் சுவர் வழக்கமான 1.3 மில்லிமீற்றருக்குப் பதிலாக 2 மில்லிமீற்றர். விசைப்பலகை ஒரே இறப்பர் விரிப்பு, நீர் புகாது. காதுபோல் மடங்கும் இரு கம்பியிலி உணர்கொம்புகள் மூடியபோது செருகுவாய்களையும் மூடும். மேரி லூ செப்சன் என்னும் பெண்மணி வகுத்த திரை, அறையில் நிறம் காட்டும். வெயிலிற் பின்விளக்கை அணைத்தால் ஞாயிற்றொளியையே எதிரொளித்து அச்சிட்ட தாள்போல் எழுத்துக் காட்டும். வெயிலோடு போட்டியிட்டு விளக்கை ஏற்றாமல் வெயிலையே விளக்காகக் கொண்ட அவ்வுபாயம் அப்பொறியின் தலைசிறந்த பகுதி என்பது என் துணிபு. முதலிற் காட்டிய மாதிரியில் மின்னாக்கும் கைச்சுழற்றி ஒன்று இருந்தது; சுழற்றும் விசை பெட்டியையே தளர்த்துமாதலாற் பின்னர் அது கைவிடப்பட்டது. பேரு நாட்டுப் பள்ளிகளில் இவற்றைப் பெருந்தொகையாக வழங்கியபின் 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, மாணவரின் மொழித்தேர்ச்சியும் கணிதத்தேர்ச்சியும் அதனால் உயரவில்லை எனக் காட்டிற்று. பொறி உழைத்தது, அதனைக்கொண்டு கற்பிப்பார் இல்லை. 2011இல் இந்தியா வெளியிட்ட ‘ஆகாசு’ பலகைக் கணிப்பொறியைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டா. அதன் விலை இறங்கியது, திறனும் உடன் இறங்கியது. ஆயினும் அதன் திரை அழுத்தத்தால் உணர்வது. இன்றைய தொலைபேசித் திரையோ விரலின் மின்தன்மையால் உணர்வது; உப்புநீர் தோய்ந்த கையால் தொட்டால் தடுமாறும். வலை இழுத்த கையோடு தொலைபேசியைத் தொட்டவர் இதனை அறிவர். பழைய மலிவுத்திரை கடற்றொழிலுக்கு ஏற்றதாகவும், புதிய விலையுயர் திரை ஏலாததாகவும் இருப்பது கருதத்தக்கது.

2012ஆம் ஆண்டு பெப்பிரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ‘இராசுபெரி பை’ இவ்வரலாற்றின் திருப்புமுனை. அது முழுப்பொறியன்று, அட்டையளவான சுற்றுப்பலகை மட்டுமே. பெட்டியும் திரையும் மின்கலமும் வாங்குவோர் பொறுப்பு. முதல் விலை முப்பத்தைந்து டொலர். 2015 நவம்பரில் வந்த ‘சீரோ’ என்னும் சிறுவகை ஐந்து டொலருக்கு விற்றது; ஒரு சஞ்சிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவும் வழங்கப்பட்டது. சிம்பியூட்டரார் எட்டமாட்டாத விலையை இது எவ்வாறு எட்டிற்று? கைத்தொலைபேசியின் பெருக்கத்தாற் சில்லுகள் மலிந்துவிட்டமையே காரணம். சிம்பியூட்டரை வீழ்த்திய அதே பெருக்கம் அதன் எண்ணத்துக்கு மறுவாழ்வும் அளித்தது. எனினும் டொலரில் மலிவு, ரூபாவில் மலிவாகாது. 2022இல் சில மாதங்களுள் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதை எட்டியது. ஆதலின் வெளியிலிருந்து வாங்க வேண்டுவதைச் சில்லளவிற் சுருக்கி, பெட்டி, கூரை, கம்பம், பூச்சு ஆகிய எஞ்சியவற்றை இங்கேயே ஆக்கிக்கொள்வதே நம் நாட்டுக்குப் பொருந்திய வழி.

அத்தகைய பொறியைத் தீவகத்து மாணவர் ஒருவர் அமைக்க முற்படின் கருத்திற்கொள்ள வேண்டியவை சில. பெட்டி பிளாத்திக்காகுக, உலோகம் தவிர்க. கம்பிகள் யாவும் அடிப்பக்கமாகவே நுழைக. நுழையுமுன் ஒரு வளைவு கீழிறங்கி மேலேறுக, அப்பொழுது மழைநீர் வளைவின் அடியிற் சொட்டிவிடும். செருகிகளே உப்பின் முதல் இரை ஆதலின், இயன்றவிடத்துச் செருகியை ஒழித்துப் பற்றாசு வைத்துப் பொருத்துக. பிசின் பூசுமுன் பலகையை மதுசாரத்தாற் கழுவி நன்றாக உலர்த்துக. உப்பை உள்ளே வைத்துப் பூசினால் பகைவனை உள்ளே வைத்துக் கோட்டைக் கதவை அடைத்ததாகும். நினைவு அட்டையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின் அற்றால் அட்டை முழுவதும் கெடுதலுண்டு. ஆகவே இயங்குமுறை இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் திறந்து வைத்து, அளவைகளை வேறொரு பகுதியில் எழுதுவித்தல் நன்று. உவர்த்தன்மையை அளக்கும் உணரியின் இரு முனைகளுக்கும் நேர்மின்னைத் தொடர்ந்து ஊட்டினால் அவை தாமே கரையும். ஆதலின் திசைமாறும் மின்னைச் சில கணங்கள் மட்டும் ஊட்டி அளத்தல் வேண்டும்.

செய்தி எவ்வாறு மக்களைச் சேரும் என்பதும் எண்ணத்தக்கது. புதுச்சேரிப் பகுதியில் எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் ஊர் அறிவு நிலையங்களை நிறுவிற்று. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலையுயரக் கணிப்பைக் கணிப்பொறியிற் பெற்று, ஒலிபெருக்கியாற் கரையெங்கும் தமிழிற் கூறிவந்தனர். 2004 திசெம்பர் 26ஆம் நாள் காலை, நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலைச் செய்தியை அறிவித்தார். ஊரார் அறிவு நிலையத்தின் ஒலிபெருக்கியை இயக்கி அனைவரையும் கரையிலிருந்து அகற்றினர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். இங்கே கணிப்பொறி செய்தது யாதுமில்லை என்பதைக் கூர்ந்து நோக்குக. உயிர் காத்தவை ஒரு தொலைபேசியும், ஓர் ஒலிபெருக்கியும், அதனை நாள்தோறும் கேட்டுப் பழகிய செவிகளுமே. எனவே நம் பொறியின் திரையிற் செலவிடக் கருதும் பணத்தில் ஒரு பகுதியை, தனி மின்கலம் உடைய ஒலிபெருக்கி ஒன்றிற் செலவிடுதல் தகும். அப்பொறி பேசுவது தமிழாகவும், இங்குள்ளார் வழங்கும் தமிழாகவும் இருத்தல் வேண்டும். வாடை என்றும் சோளகம் என்றும் கூறினால் விளங்குவது, பாகைக் கணக்கில் திசை கூறினால் விளங்காது.

ஆக்கிய பொறி நன்றாக இருக்கின்றதா என்பதை ஒரு திங்களிற் சொல்லிவிட முடியாது. வாடையொன்றும் சோளகமொன்றும் அதன்மேல் முழுமையாக வீசிச்சென்ற பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். திறக்குமுன் இறப்பர் வளையத்தின் வெளிப்புறத்தில் உப்பு எவ்வளவு படிந்துளது எனப் பார்க்க. திறந்தபின் வளையத்தின் உட்புறத்தை விரலாற் றடவி நாவில் வைத்துப் பார்க்க. பின்னர் ஆணிகளைச் சுற்றி வெண்பொடி உண்டா, செம்புக் கம்பிகளின் ஓரத்திற் பச்சை தோன்றியுளதா என்பவற்றைக் கைக்கண்ணாடியால் நோக்கி, நாளும் இடமும் இட்டுக் குறிப்பேட்டில் எழுதி, வளையத்தைப் புதிதாக மாற்றி, மீண்டும் மூடி விடுக.